அரணையின் வழக்கு

சென்ற ஐப்பசி மாதம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கொலை நடந்தது. கொலையாளி நான்தான். சாட்சிகள் மூன்று பேர்: என் தாயார், என் மனைவி, பத்து வயதான என் மகள். ஆயுதம், துணி உலர்த்தும் கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கில் கழி. காரணம், தற்காப்பு. அந்த நிமிஷத்தில் நான் அப்படித்தான் நம்பினேன்.

கொல்லை என்றதும் பெரிய தோட்டமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தாம்பரத்துக்கு அப்பால், இன்னும் சில காலி மனைகள் மிஞ்சியிருக்கும் ஒரு தெருவில் எங்கள் வீடு. பின்பக்கம் இரண்டு தென்னை, ஒரு கறிவேப்பிலை, குளியலறைத் தண்ணீரைக் குடித்துத் தானாகவே பெருகிக்கொண்டிருக்கும் வாழைக் கூட்டம், மதில் ஓரமாகச் செம்பருத்தி, நந்தியாவட்டை. ஒரு மூலையில் சருகுகளைக் குவித்து மக்க விட்டிருக்கிறோம். எழுத்து ஓடாத நாட்களில் நான் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து இந்தச் சின்ன ராஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எழுத்து ஓடாத நாட்கள் அதிகமாகிவிட்டதால் பிரஜைகளை நன்றாகவே தெரியும். ஏழெட்டுத் தவிட்டுக் குருவிகள் கூட்டமாக வந்து சருகைப் புரட்டிச் சண்டை போடும். ஓணான் மதில் மேல் நின்று எதற்கெடுத்தாலும் தலையாட்டும். கீரிப்பிள்ளை ஒன்று, அவசர காரியமாகப் போகும் குமாஸ்தாவைப் போல், நேராகக் குறுக்கே ஓடி அடுத்த மனைக்குள் மறையும்.

அன்று காலை மழை விட்டிருந்தது. மகள் செம்பருத்தி பறிக்கப் போனாள். "அப்பா! பாம்பு!" என்று ஓர் அலறல். நான் ஓடினேன். அவள் காலுக்கு ஒரு முழத் தூரத்தில், சருகுகளுக்கு நடுவே, பளபளவென்று ஏதோ ஒன்று நெளிந்து போயிற்று. ஒரு சாண் நீளம் இருக்கும். விரலைவிட மெலிந்த உடம்பு. வால் மட்டும் செக்கச் செவேலென்று இருந்தது. "குட்டி விரியன்டா, அடி, விட்டுடாதே!" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல். மூங்கில் கழி எப்படி என் கைக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டு அடி. அவ்வளவுதான். சிவப்பு வால் மட்டும் தனியாகத் துண்டாகிக் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருந்தது.

நான் வீரனாக நிமிர்ந்தேன். மகள் பயம் தெளிந்து அருகில் வந்தாள். குழந்தைகளுக்குப் பயம் தெளிந்தால் அடுத்தபடி வருவது ஆராய்ச்சி. குனிந்து பார்த்தாள்.

"அப்பா, இதுக்குக் கால் இருக்கே!"

இருந்தது. கடுகளவு விரல்களோடு, குழந்தை வரைந்த படத்தில் கோடு போட்டாற்போல், நான்கு சின்னஞ்சிறு கால்கள். பாம்புக்கு ஏது கால்? அது பாம்பரணை, அரணையில் ஒரு ஜாதி. உடம்பு நீண்டு கால்கள் சிறுத்துப்போனதால், அவசரமாகப் போகும்போது பாம்பைப் போலவே நெளிந்து போகும். குட்டியாக இருக்கும்போது வால் சிவப்பாக இருக்கும். நஞ்சு கிடையாது. பூச்சிகளைத் தின்று பிழைப்பது. எதிரி வந்தால் அதனிடம் இருக்கும் ஒரே ஆயுதம், தன் வாலைத் தானே முறித்துப் போட்டு, துடிக்கும் வாலை எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போது தப்பி ஓடுவதுதான். என் முதல் அடிக்கே அது வாலைக் கொடுத்துவிட்டது. அதை வாங்கிக்கொண்டு விட்டுவிடும் நாகரிகம் எனக்கு இல்லை. இரண்டாவது அடியையும் அடித்தேன்.

"பாம்பு இல்லேன்னா ஏன் அடிச்சே?" என்றாள் மகள்.

"பாம்புன்னு நினைச்சேன், அம்மா."

"பார்த்துட்டு அடிச்சிருக்கலாமே?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னது என் தாயார். "அரணையானா என்ன? அரணை கடிச்சா அப்பவே மரணம். செத்தது நல்லதுதான். போய்ப் பூவைப் பறி."

அரணையைப் பற்றி நம்மவர்கள் கட்டிவிட்டிருக்கும் கதை இது. கடித்தால் உடனே மரணம். ஆனால் ஒரு சலுகை உண்டு: அரணைக்கு மறதி அதிகம். கடிப்பதற்காகவே ஓடி வரும்; பக்கத்தில் வந்ததும் எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அதனால்தான் உலகத்தில் இன்னும் மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்களாம். மறதிக்காரனை 'அரணை புத்தி' என்று சொல்கிறோமே, அது இதிலிருந்து வந்ததுதான். நன்றாக யோசித்துப் பார்த்தால் இந்தக் கதையின் சாமர்த்தியம் புரியும். அரணை யாரையும் கடித்துக் கொன்றதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அந்த உண்மையைக் கொண்டு அதை விடுதலை செய்திருக்க வேண்டும். நாமோ குற்றச்சாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, குற்றம் ஏன் இதுவரை நடக்கவில்லை என்பதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தோம். நல்ல நடத்தைகூட அதற்கு விரோதமான சாட்சியாகிவிட்டது.

இந்த அநியாயம் நமக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். என் பால்ய நண்பன் ஒருவன் இங்கிலாந்தில் டெவன் பக்கம் குடியிருக்கிறான். கொலைச் செய்தியை அவனுக்கு எழுதினேன். அவன் பதிலில் தன் வீட்டுத் தோட்டத்து ஜந்து ஒன்றைப் பற்றி எழுதியிருந்தான். 'ஸ்லோ வொர்ம்' என்று பெயர். பெயர்தான் புழு, உண்மையில் புழுவும் இல்லை, பாம்பும் இல்லை. கால்களே இல்லாத பல்லி இனம். எருக் குவியலின் மேல் ஒரு தகரத் துண்டைப் போட்டு வைத்தால், வெயிலில் சூடேறிய தகரத்தின் அடியில் குளிர் காய வந்து படுத்துக்கொள்ளுமாம். காலையில் தகரத்தைத் தூக்கிப் பார்ப்பது அவனுக்கு ஒரு தினசரி விரதம். பித்தளைக் கம்பியைப் போலப் பளபளக்கும். உற்றுப் பார்த்தால் கண்ணை மூடித் திறக்கும். பாம்புக்கு இமை இல்லை, இதற்கு இருக்கிறது. ஆபத்து வந்தால் நம் அரணையைப் போலவே வாலை முறித்துப் போடும். செடிகளைத் தின்னும் நத்தையையும் ஓடில்லாத அதன் சகோதரனையும் தின்று தோட்டக்காரனுக்கு உதவி செய்யும். கோபன்ஹேகனில் ஒன்று 54 ஆண்டுகள் வாழ்ந்ததாகப் பதிவு உண்டு.

இந்தச் சாதுவுக்கு அங்கே இன்னொரு பெயர், 'குருட்டுப் புழு'. அதற்கு நன்றாகக் கண் தெரியும். ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தில் சூனியக்காரிகள் கொப்பரையில் போட்டுக் காய்ச்சும் விஷப் பொருள்களில் இந்தக் குருட்டுப் புழுவின் கொடுக்கும் ஒன்று. அதற்குக் கொடுக்கே கிடையாது. உயிரினங்களுக்கெல்லாம் முறையாகப் பெயர் வைத்த லின்னேயஸே, 1758-ஆம் ஆண்டில் வெளியிட்ட பதிப்பில் இதைப் பாம்புகளின் வரிசையில்தான் சேர்த்தார். மகா விஞ்ஞானியின் கண்ணே ஏமாந்தது என்றால் தோட்டத்தில் மண்வெட்டியோடு நிற்கிற சாதாரண மனிதனைக் குற்றம் சொல்ல முடியுமா? பாம்பென்று நினைத்து எத்தனையோ அடித்துக் கொன்றிருக்கிறார்கள். இன்று அங்கே, 1981-இல் இயற்றிய சட்டம் ஒன்றின் கீழ், அதை வேண்டுமென்று கொல்வது குற்றம்.

நண்பனின் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்சம் வெற்றிப் பெருமிதத்தோடு படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே முழுவதும் கேட்டாள்.

"அந்த ஊர்லே கட்டுவிரியன் இருக்கா?" என்றாள்.

"இல்லை."

"அப்போ அவங்க பார்த்துட்டு அடிக்கலாம்."

என் வாய் அடைத்துவிட்டது. காரணம், அம்மாவின் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும்.

நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீடு. என் அப்பாவின் தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மா கல்யாணமாகி வந்த இரண்டாவது வருஷம். ஒரு கோடை இரவு, சித்தப்பா திண்ணைக்குக் கீழே தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். விடியற்காலையில் எழுந்து வந்து, "வயித்தை வலிக்குது அண்ணி" என்றார். முதல் நாள் ஒரு விசேஷ வீட்டில் சாப்பாடு. அஜீரணம் என்று அம்மா மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். "கண்ணைத் திறக்க முடியலே, தூக்கம் தூக்கமா வருது" என்று சொன்னார். "ராத்திரி தூங்கினது போதலே, படுத்துத் தூங்கு தம்பி" என்று சொல்லித் தலையணையை எடுத்துக் கொடுத்தாள். பொழுது ஏறியபோது மூச்சு இல்லை. பாயைச் சுருட்டும்போது அதன் அடியிலிருந்து கட்டுவிரியன் வெளியே வந்தது.

கட்டுவிரியன் இரவில் திரிவது. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடித்த இடத்தில் அநேகமாக வலியோ வீக்கமோ இருக்காது. வயிற்று வலி, இமைகள் தாமாகவே சரிவது, பிறகு மூச்சுத் திணறல். இதெல்லாம் இன்று புத்தகத்தில் இருக்கிறது. இருபது வயதுப் பெண்ணுக்கு அன்று யார் சொன்னார்கள்? 'தூங்கு தம்பி' என்று தானே சொல்லி அனுப்பிவிட்டதாக அவள் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு நெளிவது எதுவானாலும் அவளுக்கு ஒன்றுதான். மண்புழுவைவிடச் சற்றுப் பெரிதாக, பூந்தொட்டி மண்ணுக்குள் வாழும் புழுப்பாம்பைக்கூட அவள் விட்டதில்லை. கறையான் முட்டையையும் எறும்பு முட்டையையும் தின்று வாழும் அப்பாவி ஜந்து அது. காதுக்குள் புகுந்துவிடும் என்பாள்.

ஆகவே கேள்வி நான் நினைத்த அளவு சுலபமானதல்ல. நியாய ஸ்தலங்களில் ஒரு தர்மம் உண்டு: ஆயிரம் குற்றவாளிகள் தப்பினாலும் தப்பட்டும், ஒரு நிரபராதி தண்டிக்கப்படக் கூடாது. அம்மாவின் தர்மம் அதன் தலைகீழ்: ஆயிரம் அரணை செத்தாலும் சாகட்டும், ஒரு விரியன் தப்பக் கூடாது. முதல் தர்மத்தை எழுதியவர்கள் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள். இரண்டாவதை எழுதியவள் ஒரு பிணத்தின் அருகில் உட்கார்ந்திருந்தவள். அவளைப் பார்த்து 'மூட நம்பிக்கை' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். இந்த எண்ணிக்கைக்கு முன்னால் நின்றுகொண்டு ஜீவகாருண்யப் பிரசங்கம் செய்ய, செருப்பும் டார்ச் விளக்கும் கட்டிலும் உள்ளவனுக்குத் தகுதி குறைவு.

நான் அம்மாவின் கட்சிக்கே போயிருப்பேன். தை மாதத்தில் வந்த ஒரு விருந்தாளி என்னை மறுபடியும் குழப்பிவிட்டது.

ஒரு பகல் பதினோரு மணிக்கு, வாழைக் கூட்டத்தின் அடியில் நல்ல பாம்பு ஒன்று படம் எடுத்து நின்றது. இந்தத் தடவை சந்தேகத்துக்கு இடமே இல்லை. நான் கழியைத் தேடினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல பாம்பை அடிக்கக் கூடாதுடா. பாவம். அது பாட்டுக்குப் போகட்டும்." தூரத்தில் நின்றபடியே அதைப் பார்த்துக் கைகூப்பினாள்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தோம். வந்தவர்கள் நீண்ட கொக்கியால் அதை லாகவமாக எடுத்து ஒரு பைக்குள் விட்டு, ஏரிப் பக்கத்துக் காட்டில் விட்டுவிடுவதாகச் சொல்லிக் கொண்டுபோனார்கள். மொத்தம் பத்து நிமிஷ வேலை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மையிலேயே நஞ்சுள்ளது உயிரோடு, மரியாதையோடு, வாகனத்தில் ஏறிப் போய்விட்டது. நஞ்சே இல்லாதது அடிபட்டுச் செத்தது. அப்படியானால் எங்கள் வீட்டு நீதிமன்றம் ஆபத்தைக் கணக்கிட்டுத் தண்டனை கொடுக்கவில்லை. பெயரைப் பார்த்துக் கொடுத்திருக்கிறது. ஒன்றுக்கு 'நல்ல' என்று ஊர் பெயர் வைத்தது, அது தப்பியது. இன்னொன்றுக்கு 'கடித்தால் மரணம்' என்று ஊர் பெயர் வைத்தது, அது செத்தது. ஜந்துக்களின் உலகத்தில் மட்டுந்தான் இப்படி நடக்கிறது என்று எந்த வாசகரும் சொல்லமாட்டார். கூடப் பிறந்த பெயருக்காக ஒரு மனிதன் வீட்டுக்குள் அழைக்கப்படுவதையும், கூடப் பிறந்த பெயருக்காக இன்னொரு மனிதன் வாசலிலேயே நிறுத்தப்படுவதையும் நாம் பார்க்காத தெரு உண்டா? நிறுத்தப்பட்டவன் பல வருஷம் யோக்கியமாக நடந்து காட்டினாலும், 'இன்னும் சமயம் வாய்க்கவில்லை' என்று அரணைக்குச் சொன்ன சமாதானத்தைத்தானே சொல்கிறோம்?

இன்னொன்றும் தோன்றியது. அம்மாவின் தர்மத்தில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. ஆயிரம் அரணைகளைக் கொன்றதனால் ஒரு விரியனாவது குறைந்ததா? சித்தப்பாவைக் காப்பாற்றியிருக்கக் கூடியவை எவை? தரையை விட்டு உயர்ந்த ஒரு கட்டில். இல்லாவிட்டால் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிய ஒரு கொசுவலை. எலி சேராத வீடு. 'வயிற்று வலி, இமை சரிகிறது' என்றதும் இது விரியனாக இருக்கலாம் என்று தெரிந்த ஒரு மனிதர். மருந்து உள்ள ஓர் ஆஸ்பத்திரி. மூங்கில் கழிக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை. சொல்லப்போனால், கழியை ஓங்கிக்கொண்டு நெருங்குகிறவன்தான் தானாகவே போய்க் கடி வாங்கும் தூரத்தில் நிற்கிறான். பயம் நம்மைக் காப்பாற்றுவதற்காகக் கடவுள் கொடுத்த காவல்காரன். ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாத காவல்காரன், திருடன் வருகிற கொல்லைக் கதவை விட்டுவிட்டு, தெருவில் போகிறவனையெல்லாம் அடித்துக்கொண்டிருக்கிறான்.

மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-இல் ஆரம்பித்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, நஞ்சை எடுத்துவிட்டு, மறுபடியும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக் கடிக்கு மருந்து தயாராகிறது. சித்தப்பாவின் உயிரை வாங்கிய ஜந்துவிடமிருந்தே, அவரைப் போன்ற வேறு யாருக்கோ உயிர் வாங்கி வருகிறார்கள். அவர்களில் இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நான் அங்கே போய் அவர்கள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கவர்ந்தது அவர்களுடைய துணிச்சல் அல்ல. கையை நீட்டுவதற்கு முன்னால் ஒரு கணம் அப்படியே நின்று பார்க்கிறார்கள். எது, எங்கே தலை, எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது என்று தெரிந்த பிறகுதான் கை நகர்கிறது. என் மகள் கேட்டது அந்த ஒரு கணத்தைத்தான்.

ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அம்மாவிடம் அரணைக்காக வாதாடியபோது, 'பூச்சியைத் தின்கிறது, தோட்டத்துக்கு நல்லது' என்று சொன்னேன். நண்பனும் அவன் தோட்டத்து ஜந்துவுக்கு அப்படித்தான் சர்டிபிகேட் கொடுத்திருந்தான். உபயோகம் உண்டு, ஆகையால் உயிரோடு இருக்கட்டும்! ஒரு பூச்சியைக்கூடத் தின்னாமல், வெயிலில் சும்மா படுத்துக் கண்ணை மூடித் திறப்பதே தொழிலாக அது இருந்திருந்தால்? துவைக்கிற கல்லின் மேல் காலை முழுவதும் உட்கார்ந்திருக்கும் ஒருவன் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பயத்தோடுதான் கேட்டுக்கொள்ள வேண்டும். வாதத்துக்காக அந்தச் சர்டிபிகேட்டை இன்னும் உபயோகிக்கிறேன். ஆனால் அதை நம்புவதை விட்டுவிட்டேன். மண்ணில் இடம் கேட்க அந்தச் சிவப்பு வாலுக்கு என் சிபாரிசு தேவைப்படவில்லை. அது கேட்டதெல்லாம் நான் ஒரு நிமிஷம் கையை ஓங்காமல் இருக்க வேண்டும் என்பதுதான்.

அம்மாவிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. இத்தனை வருஷத்துத் துக்கத்தை வாதத்தால் ஜெயித்துவிட முடியாது. ஜெயித்தாலும் அது நல்ல காரியம் அல்ல. ஆனால் ஒன்று என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கொல்லையில் நெளிவதையெல்லாம் கொல்லச் சொல்கிற அம்மா, இன்றும் தரையில்தான் படுக்கிறாள். கட்டிலில் படுத்தால் தூக்கம் வராது என்பாள். பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன், காதில் போட்டுக்கொண்டதில்லை.

மாசியில் ஒரு கயிற்றுக் கட்டில் வாங்கி வந்தேன். கொல்லையைப் பார்த்த ஜன்னல் ஓரமாகப் போட்டேன்.

"எனக்கு எதுக்குடா இது?" என்றாள்.

"சித்தப்பாவுக்கு வாங்கிப் போட ஆள் இல்லை, அம்மா" என்றேன். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

அவள் வெகு நேரம் பேசவில்லை. கட்டிலின் கயிற்றைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். அன்று இரவு பாயை அதன் மேல் விரித்துப் படுத்துக்கொண்டாள்.

பத்துப் பதினைந்து நாட்கள் சென்றிருக்கும். காலையில் நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொல்லையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மகளைக் கூப்பிட்டாள்.

"இங்கே வா. சருகு மேட்டுக்கிட்டே பாரு. அந்தச் செவப்பு வால்லே இன்னொண்ணு வந்திருக்கு."

நான் எழுந்தேன். அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"நீ உட்காருடா. கால் இருக்கு. நான் பார்த்துட்டேன்."